லூசி தோற்றதாக எழுதியிருந்தீர்கள்

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு பதிப்பில் பழைய தொலைக்காட்சி நகைச்சுவை நடிகர்களைப் பற்றி ஒரு முழுப் பக்கம் போட்டிருந்தீர்கள். அமெரிக்க நடிகை லூசில் பாலின் முகத்தைப் பார்த்ததும், பசியாறிக்கொண்டிருந்தவள் தட்டைத் தள்ளி வைத்துவிட்டுப் படிக்க ஆரம்பித்தேன். கட்டுரை நன்றாகவே இருந்தது. ஆனால் கடைசிப் பத்தியில், பாட்டு வராத லூசி நியூயார்க்கின் பெரிய நாடக மேடையான பிராட்வேயில் ஓர் இசை நாடகத்தில் கால் வைத்துத் தோற்றுத் திரும்பினார் என்று ஒரு வரி. அந்த ஒரு வரிதான் நான்கு நாளாக மனத்தில் கிடந்து உறுத்துகிறது. அதனால்தான் எழுதுகிறேன்.

கொஞ்சம் நீளமாகப் போகும். இடமில்லை என்றால் வெட்டிக்கொள்ளுங்கள். என் சித்தப்பாவைப் பற்றி எழுதியிருப்பதை மட்டும் வெட்ட வேண்டாம்.

நான் பினாங்கில் பிறந்து வளர்ந்தவள். தமிழ்ப்பள்ளியில் முப்பத்தொரு வருடம் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். ஆனால் அதற்கு முன்பே எனக்கு ஒரு வேலை இருந்தது. அப்பாவும் சித்தப்பாவும் பட்டணத்தில் ஒரு நாடகக் குழு வைத்திருந்தார்கள். அப்பா ஆர்மோனியம், குழுவில் பேசும் பேச்சில் சொன்னால் பெட்டிக்காரர். எனக்குப் பதினைந்து வயதாகும்போது அப்பாவின் வலது கை விரல்கள் வாதத்தில் மடங்கிப் போயின. பெட்டி என் மடிக்கு வந்தது. கோயில் திருவிழா, பள்ளி மண்டபம், தோட்டத்துத் திடல் என்று வள்ளி திருமணமும் பவளக்கொடியும் அரிச்சந்திராவும் விடிய விடிய நடக்கும். ராஜபார்ட்டுக்கும் ஸ்திரீபார்ட்டுக்கும் வெளியிலிருந்து ஆட்களைக் கூப்பிடுவோம். பபூன் மட்டும் எப்போதும் எங்கள் சித்தப்பாதான்.

இளைய வாசகர்களுக்காகச் சொல்கிறேன். நம் இசை நாடகத்தில் பபூன்தான் முதலில் வருவார். ஊர் ஜனங்கள் பாயை விரித்து, பிள்ளையை மடியில் போட்டு, வெற்றிலையை மடித்து முடிக்கும் வரை அவர்தான் மேடையைத் தாங்க வேண்டும். பாட வேண்டும், ஆட வேண்டும், மிருதங்கக்காரரிடமும் பெட்டிக்காரரிடமும் வம்பு இழுக்க வேண்டும். கதை அதற்கப்புறம்தான் தொடங்கும்.

சித்தப்பாவுக்கு ஒரு பாட்டு உண்டு. மாப்பிள்ளை பார்க்கப் போனவன், பெண் வீட்டில் பாடிக் காட்டச் சொன்னதால் மாட்டிக்கொண்ட கதை. அதைச் சுதி தப்பிப் பாட வேண்டும். நான் சட்ஜத்தை, அதாவது 'ச' என்ற ஆதார சுரத்தை, அமுக்கிப் பிடித்திருப்பேன். அவர் அதற்குக் கொஞ்சம் கீழேயிருந்து மெதுவாக ஏறி வருவார். வந்து சேரப்போகிறார் என்று ஜனங்கள் நினைக்கும்போது அதைத் தாண்டி ஒரு மயிரிழை மேலே போய் நிற்பார். அங்கே நின்றுகொண்டு என்னைத் திரும்பிப் பார்த்து, "என்னம்மா, பெட்டிக்குச் சளி பிடிச்சிருக்கா?" என்பார். திடல் முழுக்கச் சிரிப்பு. அந்தச் சிரிப்பு அடங்குகிற நேரத்தைக் கணக்கு வைத்து, தாளம் ஒரு சுற்று முடிந்து எடுப்புக்கு வரும்போது சரியாக சட்ஜத்தில் வந்து உட்காருவார். உட்கார்ந்ததும் இன்னொரு சிரிப்பு வரும். இரண்டாவது சிரிப்புத்தான் பெரியது.

இதற்கு வீட்டில் எவ்வளவு பயிற்சி என்று யாருக்கும் தெரியாது. சமையல்கட்டில் அம்மா மீன் பொரித்துக்கொண்டிருப்பார். சித்தப்பா அரிசி மூட்டை மேல் உட்கார்ந்து, என்னைப் பெட்டியைப் பிடிக்கச் சொல்லி, அரை மணி நேரம் அதே பாட்டைத் துளி பிசகாமல் பாடுவார். அதற்கப்புறம்தான் தப்பாகப் பாடிப் பார்ப்பார். ஒரு நாள் கேட்டேன், எதற்கு இவ்வளவு என்று. "தப்பா பாடணும்னா சரியான இடம் எங்க இருக்குன்னு முதல்ல தெரியணும்மா. தெரியாதவன் தப்பா பாடினா கேக்கிறவனுக்கு எரிச்சல்தான் வரும், சிரிப்பு வராது" என்றார்.

இப்போது லூசிக்கு வருகிறேன்.

எங்கள் வீட்டில் அப்போது டிவி கிடையாது. பக்கத்து வீட்டுச் சீனக் குடும்பத்தில் நான்கு கால்களோடு, முன்னால் மரக் கதவு வைத்த கருப்பு வெள்ளைப் பெட்டி இருந்தது. லூசி வரும் நாளில் எங்களையும் கூப்பிடுவார்கள். சித்தப்பாவுக்கு ஆங்கிலம் ஒரு வார்த்தை தெரியாது. ஆனாலும் தவறாமல் வந்து தரையில் சப்பணமிட்டு உட்காருவார். ஒரு தடவை லூசி நாலு பேரோடு சேர்ந்து பாட வேண்டிய காட்சி. மற்றவர்கள் ஒழுங்காகப் பாட, இவர் மட்டும் கட்டைக் குரலில் எங்கேயோ போய்க்கொண்டிருந்தார். எல்லோரும் சிரித்தோம். சித்தப்பா சிரிக்கவில்லை. முழங்காலில் தாளம் போட்டபடி குனிந்து பார்த்துக்கொண்டிருந்தவர், "இந்தப் பொண்ணுக்குச் சுதி தெரியும்மா. பாரு, மத்தவங்க மூச்சு எடுக்கிற இடத்துல சரியா நுழையுது. இது மேடைக்காரி" என்றார்.

அது எவ்வளவு உண்மை என்று எனக்குத் தெரிய வந்தது பல வருடம் கழித்துத்தான், அவரைப் பற்றிப் படிக்கத் தொடங்கிய பிறகு.

1911இல் பிறந்த லூசி, பதின்ம வயதிலேயே நடிக்க ஆசைப்பட்டு நியூயார்க்கில் ஒரு நாடகப் பள்ளியில் சேர்ந்தார். அங்கே உடன் படித்தவர் பின்னாளில் ஹாலிவுட் நட்சத்திரமான பெட் டேவிஸ். இந்தப் பிள்ளை ரொம்பக் கூச்சப்படுகிறது, இங்கே காசு செலவழிப்பது வீண் என்று அம்மாவுக்குச் சொல்லி லூசியைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அப்புறம் ஹாலிவுட் போனார். அங்கே இசைப் படங்களில் நடித்தார், ஆனால் 1940களில் வந்த பாட்டுகளுக்கு வேறு பெண்களின் குரலைப் போட்டார்கள். இசையமைப்பாளர் கோல் போர்ட்டரின் மேடை நாடகத்திலிருந்து எடுத்த 'டுபாரி வாஸ் எ லேடி' படத்தில் லூசியின் வாய் அசையும், குரல் அவருடையதல்ல. உன் குரல் வெளியே கேட்கக்கூடாது என்று தொழிலே ஒருவரிடம் சொல்கிறது. அதை மனத்தில் வைத்துக்கொண்டு அடுத்ததைப் படியுங்கள்.

அவர் வாழ்க்கையில் இசை நாடகம் கணவர் வழியாகவும் வந்தது. கியூபாவிலிருந்து வந்த டெசி ஆர்னாஸ், 1939இல் பிராட்வேயில் 'டூ மெனி கேர்ள்ஸ்' என்ற இசை நாடகத்தில் கொங்கா மேளம் தட்டிப் பெயர் வாங்கியவர். அடுத்த வருடம் அதையே படமாக எடுத்தபோதுதான் லூசியைச் சந்தித்தார். அந்த வருடமே கல்யாணம்.

'ஐ லவ் லூசி' என்ற தொலைக்காட்சித் தொடர் 1951 அக்டோபரில் தொடங்கியது. கணவன் இரவு விடுதியில் வாத்தியக் குழு நடத்துகிறான், மனைவிக்கு எப்படியாவது அந்த மேடையில் ஏறிவிட வேண்டும். திரும்பத் திரும்ப வரும் கதை அதுதான். அதில் எத்தெலாக வரும் விவியன் வான்ஸ் சாதாரண ஆள் இல்லை. பிராட்வேயில் பெரிய பாடகி எத்தல் மெர்மனுக்கு மாற்று நடிகையாக இருந்தவர், நகைச்சுவை நடிகர் டேனி கேயோடு இசை நாடகத்தில் பாடியவர். பிரெட்டாக வரும் வில்லியம் பிராலி பாட்டும் ஆட்டமும் சிரிப்பும் கலந்த பழைய வாட்வில் மேடையிலிருந்து வந்தவர். அப்படியென்றால் நால்வரில் மூன்று பேர் மேடையில் பாடிப் பிழைத்தவர்கள். அவர்களுக்கு நடுவில் நின்றுகொண்டு, பாடத் தெரியாதவளாக ஒருத்தி நடிக்கிறார். அதுவும் எதிரே முந்நூறு பேரை உட்கார வைத்து, மூன்று கேமரா ஒரே நேரத்தில் ஓட. சிரிப்பு வந்தால் அது அடங்கும் வரை காத்திருக்க வேண்டும், அடங்குவதற்குள் அடுத்த வரி விழவும் கூடாது. எங்கள் திடலில் சித்தப்பா செய்தது இதேதான்.

1952இல் வந்த ஓர் அங்கத்தில் மாதர் சங்கத்துக்காக லூசியே ஓர் இசை நாடகம் எழுதிப் போடுவார். குரல் சரியில்லை என்று பெரிய வேடம் எதுவும் கொடுக்காமல், நீட்டுப் பல் வைத்த கிழட்டு நாடோடி ராணி வேடத்தைத் தலையில் கட்டிவிடுவார்கள். நாடகம் நடந்துகொண்டிருக்கும்போதே, கொடுத்த காசோலை செல்லாததால் வாடகைக்காரர்கள் வந்து திரையையும் உடைகளையும் ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொண்டு போவார்கள். எங்கள் குழுவிலும் கிரீடமும் ஜரிகை அங்கியும் வாடகைதான். விடிந்ததும் எண்ணிக் கட்டித் திருப்பிக் கொடுப்பது என் வேலை. அந்தக் காட்சியை இன்று பார்த்தாலும் எனக்குச் சிரிப்போடு கொஞ்சம் வயிற்றைக் கலக்கவும் செய்யும்.

சரி, தோற்றார் என்று நீங்கள் எழுதிய இடத்துக்கு வருவோம்.

1960இல் லூசிக்கும் டெசிக்கும் மணமுறிவு ஆனது. பணம் இருந்தது, புகழ் இருந்தது, சொந்தமாக ஸ்டூடியோவே இருந்தது. வயது நாற்பத்தொன்பது. வீட்டில் இருந்திருக்கலாம். அந்த அம்மா போனது நியூயார்க்குக்கு, பிராட்வே மேடைக்கு. நாடகத்தின் பெயர் 'வைல்ட்கேட்'. எண்ணெய் இருக்கிறதா இல்லையா என்று யாரும் பார்க்காத நிலத்தில் துணிந்து தோண்டும் கிணற்றுக்கு அந்தத் தொழிலில் அப்படித்தான் பெயர். 1912இல் எல்லையோர ஊர் ஒன்றுக்கு, கால் ஊனமான தங்கையைக் கூட்டிக்கொண்டு எண்ணெய் தோண்ட வரும் பெண் வேடம். எழுதியவர் இருபது சொச்சம் வயதுப் பெண்ணாக நினைத்திருந்த வேடத்தை லூசிக்காக மாற்றி எழுதினார். முதலீட்டில் லூசியின் டெசிலு நிறுவனமும் இறங்கியது. பிலடெல்பியாவில் ஒத்திகை போலப் போட்டுப் பார்த்துவிட்டு நியூயார்க் வரும் வழியில், பனிப்புயலில் அரங்கப் பொருள்களை ஏற்றிய லோரிகள் நெடுஞ்சாலையில் மாட்டிக்கொண்டன. தொடக்க நாள் தள்ளிப்போய் டிசம்பர் 16ஆம் தேதி ஆல்வின் அரங்கில் திரை விலகியது. அந்த அரங்கம் இன்றும் நீல் சைமன் என்ற பெயரில் இருக்கிறது.

மைக்கேல் கிட் இயக்கியும் ஆட்டம் அமைத்தும் கொடுத்த நாடகம் அது. அவர் ஆட்டம் என்றால் குதித்து விழுந்து எழும் ஆட்டம். லூசி பாட்டும் ஆட்டமுமாக வாரத்துக்கு எட்டு காட்சி செய்தார். இரவல் குரல் கிடையாது, இரண்டாவது முறை எடுத்துக்கொள்ளலாம் என்பதும் கிடையாது. நாடகத்தின் கதையைப் பலர் குறை சொன்னார்கள், ஆனால் ஜனங்கள் லூசிக்காகவே வந்தார்கள். தொலைக்காட்சி லூசியைத் தேடி வந்தவர்களுக்காக, போகப் போக அந்தப் பழைய சேட்டைகளையும் அவர் வேடத்துக்குள் சேர்த்துக்கொண்டார். இது நல்லதா கெட்டதா என்று வாதம் உண்டு. பபூன் வீட்டுப் பெண் நான், ஜனங்கள் எதற்குப் பாயை விரித்தார்களோ அதைக் கொடுத்துவிட்டுத்தான் போக வேண்டும் என்பது என் கட்சி.

உடம்புதான் ஒத்துழைக்கவில்லை. காய்ச்சலும் அசதியுமாகக் கிடந்து, ஓய்வெடுத்துவிட்டு வந்து, மேடையிலேயே மயங்கி விழுந்தார். ஒன்பது வாரம் மூடி வைத்து, அவர் தேறியதும் மறுபடி திறக்கலாம் என்று முடிவு செய்தார்கள். மூடியிருக்கும் வாரங்களுக்கும் சம்பளம் வேண்டும் என்று வாத்தியக்காரர்கள் சங்கம் சொன்னது. பெட்டிக்காரியாக ஒன்று சொல்கிறேன், அவர்கள் கேட்டதில் தப்பே இல்லை, ஒன்பது வாரம் அவர்கள் வீட்டில் அடுப்பு எரிய வேண்டாமா? ஆனால் அதோடு 1961 ஜூன் 3ஆம் தேதி நாடகம் நிரந்தரமாக நின்றது. மொத்தம் 171 காட்சிகள்.

நூற்றுக்கும் மேற்பட்ட காட்சிகளில் நேரடியாகப் பாடி நின்றவரையா, பாட்டு வராமல் தோற்றுத் திரும்பினார் என்று ஒரு வரியில் முடிப்பது?

அந்த நாடகத்தின் பாட்டுகளை இசைத்தட்டாக வெளியிட்டிருக்கிறார்கள். மகள் போன வருடம் போனில் போட்டுக் காட்டினாள். 'ஹே லுக் மீ ஓவர்' என்று அக்காவும் தங்கையும் சேர்ந்து பாடும் பாட்டு. மெட்டு சை கோல்மன், வரிகள் கரோலின் லீ. ஒரு தரம் கேட்டுவிட்டு, பெட்டியை உறையிலிருந்து எடுத்து, கட்டை கட்டையாகத் தேடிக்கொண்டு போனேன். அப்போதுதான் புரிந்தது. லூசியின் குரல் கீழே கனத்து நிற்கும் குரல், மேலே இழுத்தால் கிழியும். மெட்டுப் போட்டவர் அதைத் தெரிந்துகொண்டு, மேலே அலையவிடாமல், அந்தக் குரல் தைரியமாக நிற்கக்கூடிய இடத்திலேயே பாட்டைக் கட்டியிருக்கிறார். அணிவகுப்பு நடையில் அடி எடுத்து வைத்துப் போகிறது. நல்ல குரல் உள்ளவர்கள் இதைப் பாடினால் அழகாக இருக்கும். லூசி பாடும்போது, கையில் காசில்லாத ஒரு பெண் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நம் முன்னால் வந்து நிற்கிறாள். அந்த மெட்டைத்தான் வரி மாற்றி லூசியானா மாநிலப் பல்கலைக்கழகத்து வாத்திய அணி தன் அமெரிக்கக் காற்பந்து ஆட்டங்களில் இன்றும் வாசிக்கிறது. அப்படிப் பரவிய பாட்டை முதலில் மேடையில் பாடியவர் லூசி.

அவருக்குச் சறுக்கல் இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. 1974இல் வந்த 'மேம்' என்ற இசைப் படத்தில் அவர் பாடியதை விமரிசகர்கள் கிழித்தார்கள். அந்தப் படத்தைப் பார்த்து எனக்கும் வருத்தம்தான். பதினான்கு வருடம் கூடுதலாகப் புகைத்த தொண்டை, பனிச்சறுக்கில் முறிந்து ஒட்டிய கால். அதைவிடப் பெரிய குறை, எதிரே ஜனங்கள் இல்லை. சிரிப்பைக் கேட்டுத்தான் லூசி அடுத்த அடி எடுத்து வைப்பார். வெறும் சுவரைப் பார்த்துப் பாடினால் சித்தப்பாவுக்கும் அப்படித்தான் ஆகியிருக்கும்.

இதெல்லாம் அமெரிக்கக் கதை, பினாங்குக்காரிக்கு என்ன என்று வாசகர்கள் கேட்கலாம். பாட்டும் சிரிப்பும் ஒரே ஆளிடம் இருந்த மேடை நமக்கு அந்நியமில்லை. இந்தியாவின் பார்சி நாடகக் குழுக்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பின்பாதியில் இதே பினாங்குக்கு வந்து பாடி ஆடிப் போனதைப் பார்த்துத்தான், மாமாக் புஷி போன்றவர்கள் இங்கே பங்சவான் என்ற மலாய் இசை நாடக மேடையைக் கட்டினார்கள். அதில் காட்சிக்கும் காட்சிக்கும் நடுவே திரைக்கு முன்னால் பாட்டும் ஆட்டமும் கோமாளித்தனமும் நடக்கும், எக்ஸ்ட்ரா டர்ன் என்பார்கள். பினாங்கில் பிறந்த மலாய்த் திரைக் கலைஞர் பி. ரம்லீ சிரிக்கவும் வைப்பார், பாடவும் செய்வார், மெட்டும் போடுவார். தமிழ்நாட்டில் கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணன் வில்லுப்பாட்டிலிருந்தும் டி.கே.எஸ். சகோதரர்களின் நாடகக் கம்பெனியிலிருந்தும் வந்தவர். மனோரமா ஆச்சி மேடையில் பாடிக்கொண்டே வளர்ந்தவர். இவர்களையெல்லாம் காமெடி நடிகர்கள் என்ற ஒரே டப்பாவில் போட்டு மூடிவிடுகிறோம். பாட்டுக் கச்சேரி செய்தவர்களுக்குப் பாடகர் என்று பட்டம். சிரிக்க வைப்பதற்காகப் பாடியவர்களை யாரும் பாடகர் என்று சொல்வதில்லை.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை இப்படி ஒரு பக்கம் போடும்போது, இந்த நாட்டுத் தமிழ் நாடக மேடைகளில் பபூன் வேடம் கட்டியவர்களுக்கும் கால் பக்கம் ஒதுக்குங்கள். அவர்கள் பாடியதை யாரும் இசைத்தட்டில் எடுக்கவில்லை. பகலில் துறைமுகத்தில் மூட்டை தூக்கி, லோரி ஓட்டி, தோட்டத்தில் பால் மரம் வெட்டிவிட்டு ராத்திரியில் முகத்தில் அரிதாரம் பூசியவர்கள். அவர்களோடு வாசித்த பெட்டிக்காரர்களும் மிருதங்கக்காரர்களும் கெடாவிலும் பேராக்கிலும் இன்னும் சிலர் இருக்கிறோம். எல்லோருக்கும் எழுபதைத் தாண்டப்போகிறது.

சித்தப்பா 1994இல் இறந்தார். அவருடைய பாட்டு நோட்டு என்னிடம் இருக்கிறது. பள்ளிப் பிள்ளைகள் எழுதும் சாதாரண கோடு போட்ட நோட்டு. நீல மையில் பாட்டு, ஒவ்வொரு பாட்டின் தலையிலும் எத்தனை கட்டை என்று எழுதியிருப்பார். எந்தெந்த எழுத்தில் சுதி தப்ப வேண்டுமோ, அந்த எழுத்துக்கு மேலே மட்டும் சிவப்பு மையில் ஒரு சின்னச் சுழி. மாப்பிள்ளைப் பாட்டில் மொத்தம் பதினொரு சுழி இருக்கிறது. உங்கள் நிருபர் யாராவது பினாங்குப் பக்கம் வந்தால் நோட்டையும் காட்டி, பெட்டியில் வாசித்தும் காட்டுகிறேன். சிவப்பு மை மங்கிக்கொண்டு வருகிறது, கொஞ்சம் சீக்கிரம் வரச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியை,
ஆயர் ஈத்தாம், பினாங்கு